நீல விளக்கின் கீழ் கைகள்

மூன்றாவது முறையாகக் கழுவிவிட்டு வந்த கைகளும் மின்னின. முன்னைவிடப் பளிச்சென்று.

கார்லோவட்ஸ் நகர முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸ் நெவென்காவுக்கு வியர்த்துக் கொட்டியது. வாந்திபேதி பரவியதால் மூன்று வாரமாகப் பார்வையாளர் யாரையும் உள்ளே விடவில்லை. இன்று வரும் சுகாதார ஆய்வாளர் திருப்திப்பட்டால், சனிக்கிழமை கார்னிவல் முகமூடி நடனத்துக்குப் பேரப்பிள்ளைகள் வரலாம். முதியவர்கள் முகமூடிகளுக்குச் சாயமடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதற்காகத்தான் ஊழியர்களுக்கு இந்த அவசரப் பயிற்சி. அழுக்கு இருக்கும் இடமெல்லாம் மின்னும் என்று சொல்லித்தான் அந்த நீல விளக்கை விற்றிருந்தார்கள்.

"விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் நல்லா தேயுங்க," என்றாள்.

உதவியாளர் ஸ்வோன்கோ கையை உதறினான். "தோலையே கழட்டிக் குடுத்துட்டுப் போகட்டுமா, சிஸ்டர்?"

நான்காவது முறை முழங்கைவரை கழுவினார்கள். முழங்கைவரை மின்னியது. ஸ்வோன்கோ ஈரக்கையால் மூக்கைச் சொறிந்தான், மூக்கும் மின்னியது. எப்படிக் கழுவ வேண்டும் என்று தானே செய்து காட்டிய நெவென்காவின் கைகள்தான் எல்லாரையும்விட அதிகமாக ஒளிவிட்டன.

அந்த நேரம் பார்த்து ஆய்வாளர் அம்மாள் உள்ளே வந்தார். பதினோரு ஜோடிக் கைகளையும் ஒரு மூக்கையும் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நெவென்காவுக்குச் சாயமடித்து வைத்த முகமூடிகளின் ஞாபகம் வந்தது.

அப்போது சமையற்காரர் ஸ்லாவ்கோ, ஜாம் அடைத்த டோனட்டுகளைத் தட்டு நிறைய அடுக்கிக்கொண்டு வந்தார். ஆய்வாளர் அவர் கைகளை விளக்கடியில் இழுத்து வைத்தார். ஒரு புள்ளிகூட மின்னவில்லை.

"கைன்னா இப்படி இருக்கணும். எங்கே கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் கைப்பழக்கம்தாம்மா," என்றார் ஸ்லாவ்கோ அடக்கமாக.

எல்லாரும் கை தட்டினார்கள். பூரித்துப்போன ஸ்லாவ்கோ ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே டோனட் எடுத்துக் கொடுத்தார். ஆய்வாளர் இரண்டு சாப்பிட்டார். நெவென்கா துக்கத்தில் மூன்று சாப்பிட்டாள்.

துண்டுக் கூடையோடு வந்த சலவைக்காரி யத்ராங்கா விளக்கடியில் எட்டிப் பார்த்தாள். ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து நீட்டினாள். அதுவும் அதே நீலத்தில் மின்னியது.

"கை சோப்பு தீர்ந்துபோச்சேன்னு காலையில என் சலவை சோப்பைத்தான் எல்லா பாட்டில்லயும் ஊத்தி வெச்சேன். கழுவினவங்க கையெல்லாம் எப்படி ஜொலிக்குது பாருங்க! ஏன் ஸ்லாவ்கோ, நீ மட்டும் இன்னும் கையே கழுவலையா?"