முதலில் கரு, அப்புறம்தான் வயிறு

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும், உடம்பில் செல் பிரிகிறது என்றாலே ஆள் காலி என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் ஸ்லைடு அண்ணன். பிரிக்பீல்ட்ஸில் அவரைப் போல ஒரு கோபக்காரர் பிறந்ததில்லை. ரோட்டு ஜாமுக்கும் தண்ணீர் வெட்டுக்கும் சிரிப்பார். செல்லைப் பற்றித் தப்பாகப் பேசினால் மட்டும் மேசை ஆடும். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேப்பில் மைக்ராஸ்கோப்பைக் கட்டிக்கொண்டு ஸ்லைடு பார்த்த மனிதர்; பெயரும் அதனால்தான்.

என் முதுகிலிருந்த கட்டியை வெட்டியெடுத்தார்கள். ரிப்போர்ட் போனுக்கு வந்தது. பத்து வரியில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள். மீன்தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தேன். மனைவிக்கு கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்லிக்கொடுத்தேன். "இருபது வருஷமா நான்தானே மாத்துறேன்?" என்றாள்.

தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் அண்ணனிடம் போனை நீட்டினேன். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா வயித்துல ஒரே ஒரு செல்லுய்யா நீ! அது பிரியாமலா இந்தத் தொப்பை வந்துச்சு?"

"திட்டாதீங்கண்ணே, நான் சாகப்போறேன்."

"படிச்சிட்டுச் சாவு!"

பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் வீசும் மேடைக்கு இழுத்துப்போனார். மாவில் பச்சை மிளகாய்த் துண்டுகளை ஜோடி ஜோடியாக நடுவில் அடுக்கினார். மாவுதான் செல், மிளகாய்தான் அதன் கருவில் இருக்கும் குரோமோசோம் என்றார். ரொட்டிக்காரர் பழக்கதோஷத்தில் மாவைக் கிள்ளிவிட்டார்.

"பாஸ்! கரு இன்னும் பிரியல, அதுக்குள்ள வயித்தக் கிள்ளுறியே! ஒரு பக்கம் பூரா மிளகா, ஒரு பக்கம் வெறும் மாவு. உருப்படுமா அது?"

"அங்கிள், இது ரொட்டி லா. ஏழு பேர் நிக்கிறாங்க."

"நிக்கட்டும்!"

திரும்ப அடுக்கினார். ஜோடிக்கு ஒன்றாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துச் சேர்த்தார். பிறகுதான் இடுப்பைக் கிள்ள உத்தரவு. இரண்டு உருண்டை, சமமான மிளகாய்.

"புண்ணு ஆறுறதே இப்படித்தான். கட்டுப்பாடில்லாமப் பிரிஞ்சாத்தான் சிக்கல். உன்னது எதுன்னு டாக்டர் சொல்வாரு. நீ யாருய்யா சொல்றதுக்கு?"

சாவைப் பற்றிப் பேச வந்தவனை அந்த இரண்டு மிளகாய் ரொட்டியையும் தின்னவைத்தார். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது; பயத்தில் என்று கடையே நினைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

டாக்டரிடம் போகும்போது கூப்பிடாமலே கூட வந்தார். சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்றார் டாக்டர். அண்ணனை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டபோது அவர் மனைவி, எங்கள் அண்ணிதான் சொன்னார், அந்த இரண்டு நாளும் அண்ணன் சரியாகச் சாப்பிடவே இல்லையாம்.