சொதியில் விழுந்த குடுமி

பாகற்காய் வேண்டாமென்று நம் வீட்டில் யாராவது தலையை ஆட்டினால், "ஆட்டாதே, விழுந்திரும்" என்கிறாள் உங்கள் அம்மா. எது விழும் என்று நீங்கள் மூவரும் கேட்கும்போதெல்லாம் மழுப்பிவிடுவேன். பெரியவன் நேற்று கிராப்பு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டான். இனி மழுப்ப முடியாது.

இருபது வயதில் பிடித்ததும் பிடிக்காததும் கல்வெட்டு என்று நமக்கு ஒரு நினைப்பு. ஆற்றுமணலில் எழுதியது என்று பிறகுதான் தெரிகிறது. அந்த வயதில் கிராப்பு, கோட்டு, காப்பி என்றால் எனக்கு உயிர். குடுமியும் நீராகாரமும் சொதியும் ஆகாது. (திருநெல்வேலியில் பிறந்துவிட்டுச் சொதி பிடிக்காதாம். தேங்காய்ப்பாலில் காய்கறியைக் குளிப்பாட்டி எடுத்தது, சீக்காளிக்குத்தான் ஏற்றது என்பது அன்றைய என் தீர்ப்பு.) பாளையங்கோட்டை சர்க்கார் கச்சேரியில் நகலெடுக்கும் வேலை கிடைத்த வாரமே குடுமியை எடுத்துவிட்டு, கண்ணாடி கண்ட இடமெல்லாம் நின்றேன்.

அடுத்த மாதமே, என்னை நேரில் பாராமலே, சேரன்மகாதேவியில் பெண் பேசி முடித்தார்கள். என் மாமனார், அதாவது உங்கள் தாத்தா, கிராப்புத் தலை என்பதற்காகவே அதற்கு முன் ஒரு மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியவர். இதைக் கேள்விப்பட்ட என் அக்காள், தன் சவுரிமுடியில் பாதியை வெட்டி முடிந்து, என் பின்மண்டையில் மிச்சமிருந்த முடியோடு நூலால் கட்டினாள்.

"பைய நடலே. தலையை மட்டும் ஆட்டிராதே" என்றாள்.

கல்யாணம் தலைப்பாகைக்குள் ஒழுங்காக முடிந்தது. மறுநாள் மறுவீட்டுப் பந்தி. அன்றைக்கு நம் பக்கத்தில் சொதிதான் ராஜா. சாப்பாடு முடிந்ததும் வில்வண்டி கட்டி, பெண்ணை என்னோடு அனுப்புவதாகப் பேச்சு.

"இலைக்கு முன்னால தலைப்பாகை எதுக்கு மாப்பிள்ளை?" என்றார் மாமனார். கழற்றினேன். குடுமி நின்றது.

அவரே வாளியோடு வந்து ஓர் அகப்பை சொதி ஊற்றினார். மூச்சைப் பிடித்து விழுங்கினேன். மறுபடியும் குனிந்தார். வாய் நிறைய இஞ்சிப் பச்சடி. பேச வழியில்லாமல், வேண்டாமென்று தலையை ஆட்டினேன். பலமாக.

குடுமி சொதியில் விழுந்து, முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பந்தியில் அப்பளம் கடிக்கிற சத்தமும் நின்றது. மாமனார் அகப்பைக் காம்பால் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாரோடது வே?"

"அக்காளோடது" என்றேன். (உண்மையைத்தான் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.)

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. "ஏட்டி, வாயை மூடு" என்று மகளை அதட்டிவிட்டு மாமனார் என் பக்கம் திரும்பினார். "வண்டியை அவுக்கச் சொல்லுதேன். சொந்தக் குடுமி வளந்த பொறவு வந்து பொண்ணைக் கூட்டிட்டுப் போரும்."

தாலி கட்டியவன் தனியாக ஊர் திரும்பினேன். அதன்பின் ஒவ்வொரு விசேஷத்துக்கும் சேரன்மகாதேவிக்குப் போவேன். அவர் நாற்றங்காலைப் பார்ப்பதுபோல் என் பின்மண்டையைப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் வளரணும். இப்பம் சாப்பிடும்." சாப்பாடு என்றால் சொதி. தலையாட்ட எனக்கு ஏது தைரியம்? முதலில் பயத்தில் சாப்பிட்டேன், பிறகு பழக்கத்தில். முடி முடிச்சுப் போடும் அளவுக்கு வந்தபோது, தாண்டிப் போகும் வாளியை நானே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக வண்டி கட்டினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் உங்கள் அம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது: "அந்தக் கிராப்புதான் உங்களுக்கு நல்லா இருந்துச்சு."

இப்போது அவளுக்குக் குடுமிதான் அழகாம். எனக்கோ முடிந்துகொள்ளத் தலையில் அதிகம் மிச்சமில்லை.

நேற்று பெரியவன் கேட்டதும் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். என் தொண்டைக்குள் மாமனார் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பேசாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "ஆட்டாதீங்க. இருக்கதும் விழுந்திரும்."

பாதியில் நிறுத்திவிட்டேன். ஆகவே பெரியவனே, போய் வெட்டிக்கொள். வெட்டிய குடுமியை மட்டும் எறிந்துவிடாதே. உனக்குப் பெண் கொடுக்கப்போகிறவர் எப்படியோ.