குழாய்க்கு ரத்தம்

எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவளைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. மிஷன் பள்ளியில் படித்த அந்தத் திமிரோடுதான் நான் சின்னமனூருக்கு மருமகளாக வந்தேன். (சோப்பு உறையைக்கூடச் சத்தம் போட்டு வாசிப்பேன்.)

கல்யாணமான நாலாம் மாதம். பெரியாறு ஏரிக்கு அக்கரையில் ஓர் எஸ்டேட்டில், குமாஸ்தா மனைவியான என் நாத்தனாருக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தது. நாற்பது நாள் கழிந்ததும் இருவரையும் கூட்டிவர மாமியாரும் நானும் போனோம். திரும்புவதற்குத் துரை தன் மோட்டார் படகையே கொடுத்தார்.

விடிந்தும் விடியாத பொழுது. தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஏரியில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, பின்னால் கரைந்துபோயின. படகு நகர்கிறதா, மரங்கள் நடக்கின்றனவா என்று கண் செருக உட்கார்ந்திருந்தேன். படகின் சின்ன அறைக்குள் டீசலில் எரியும் கணப்பு ஒன்று இருந்தது. அதன் ஓரமாகப் பிள்ளை தூங்கியது.

பாதி ஏரியில் கணப்பு இரண்டு முறை விக்கி, அணைந்தது.

படகோட்டி தொம்மன் குமுளிக்காரர். "எஞ்சின் எனக்கு அறியும். இது துரையே பத்தவைக்கிற அடுப்பு. புஸ்தகம் அங்கன தொங்குது" என்றார்.

பிள்ளையின் விரல்கள் சில்லிட ஆரம்பித்தன. "வாசியேன்த்தா, படிச்சவதான" என்றாள் நாத்தனார், பிள்ளையை மாரோடு அணைத்தபடி.

வாசித்தேன். தீ அணைந்தால் குழாயை 'ப்ளீட்' செய்யவும் என்று போட்டிருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

"குழாய்க்கு ரத்தம் வடிக்கணுமாம் அத்தை."

"எதோட ரத்தம்னு போட்டிருக்கு?" என்றார் மாமியார்.

"அதெல்லாம் போடல."

தொம்மன் சிலுவை போட்டுக்கொண்டார். "தண்ணிக்கடியில முழுக் காடு கிடக்கு. அது கேக்கத்தான் செய்யும்."

நாத்தனாருக்குச் சாறு வைக்க ஒரு கோழி கொண்டுவந்திருந்தோம். எல்லோரும் அதைப் பார்த்தோம். ஒரு சொட்டுப் போதும் என்று கத்தியை எடுத்து, கோழியின் கால்கட்டை அவிழ்த்தேன். (ஏன் அவிழ்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.) அது ஜன்னல் வழியே பறந்துபோய்த் தண்ணீர் நடுவே ஒரு பட்ட மரத்தில் உட்கார்ந்து, சிறகைச் சரிசெய்துகொண்டது. பிறகு மரமும் கோழியும் சேர்ந்தே பனிக்குள் போய்விட்டன. கத்தியைக் கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

"தள்ளு" என்றார் மாமியார். "நம்ம தோட்டத்துப் பம்பும் இப்படித்தான் விக்கும். குழாய்க்குள்ள காத்து ஏறியிருக்கும்."

தொம்மனிடம் திருகுசாவி வாங்கி, எண்ணெய்க் குழாயின் மரையைச் சற்றே தளர்த்தினார். புஸ்ஸென்று நுரை வந்தது. நுரை நின்று வெறும் எண்ணெய் கசிந்ததும் முறுக்கிவிட்டுத் தீக்குச்சி கிழித்தார். கணப்பு ஒரே சீராக எரிந்தது. பிள்ளையின் விரல்களில் மெல்லச் சூடு ஏறியது.

நான் அடுத்த வரியை அப்போதுதான் வாசித்தேன். காற்றுக்குமிழி நிற்கும்வரை, என்று இருந்தது.

"இப்ப என்ன போட்டிருக்காக?" என்றார் மாமியார்.

"நீங்க செஞ்சதத்தான் அத்தை."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாத்தனார்தான் கம்பம் வரும்வரை சிரித்தாள்.

அந்தப் பிள்ளை இப்போது உத்தமபாளையத்தில் இங்கிலீஷ் வாத்தியார். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்ற பாடத்தை வருஷாவருஷம் இப்படித்தான் தொடங்குகிறானாம்: "எங்க அத்தை ஒருத்தவுக இருக்காக..."