ஐந்து வாத்துகள் என் காலடிக்கு வந்து சேர்ந்த விதம்

பெருமதிப்புக்குரிய அக்கா ஆர்டிஸுக்கு,

மின்னசோட்டாவிலிருந்து உன் தம்பி வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் அடுப்பும், கூரையும் சௌக்கியம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும், அத்தானும், அத்தானுக்கு வைத்த புது முழங்காலும் சௌக்கியம் என்று போன கடிதத்தில் படித்துச் சந்தோஷப்பட்டேன். நான் ஓய்வு பெற்றதற்கு நீ பரிசாக அனுப்பிய தொலைநோக்கி உடையாமல் வந்து சேர்ந்தது. "வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சுவரைப் பார்க்காதே, வெளியே போய்ப் பறவையைப் பார்" என்று அதோடு நீ வைத்திருந்த சீட்டும் வந்து சேர்ந்தது. அந்தச் சீட்டினால்தான் போன சனிக்கிழமை என்மேல் வழக்குப் பதிவாக இருந்தது என்பதைத் தெரிவித்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

பறவை பார்க்க எங்கே போவது என்று நூலகத்தில் கேட்டதற்கு, ஊருக்கு வடக்கே உள்ள பொது வேட்டை நிலத்துக்குப் போங்கள், வேட்டைக்காரர்கள் மட்டுமல்ல, நடக்கிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அது பொது, யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்கள். கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள். அதில் "வேட்டைப் பருவத்தில் வருபவர்கள் கண்ணில் அடிக்கும் ஆரஞ்சு நிறம் அணிவது நலம்" என்று இருந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். தூண்டில் புழு விற்கும் கடையில் ஆரஞ்சு மேல்சட்டை, ஆரஞ்சுத் தொப்பி, ஆரஞ்சுக் கையுறை மூன்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது மான் வேட்டைக்காரர்களுக்காகச் சொன்னது, மானுக்கு அந்த நிறம் தெரியாது, ஆனால் வாத்துக்கு அரை மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும் என்பதைப் பிரசுரத்தில் யாரும் போடவில்லை. மடக்கு நாற்காலி, பறவைப் புத்தகம், காப்பிக் குடுவை, சாசேஜ் இறைச்சி வைத்த இரண்டு சாண்ட்விச் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு விடியும்போது சதுப்பு ஓரம் போய்ச் சேர்ந்தேன். நாற்காலியை விரித்து உட்கார்ந்ததும் அதன் பின்கால்கள் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. அதனால் முதல் இருபது நிமிடம் நான் பார்த்தது வானத்தை மட்டும்தான். வானத்தில் பறவை இருந்ததா என்றால், இருந்தது. எல்லாம் என் தலைக்கு நேரே வரை ஒழுங்காக வந்து, என்னைப் பார்த்ததும் விருட்டென்று வலப்பக்கம் திரும்பிப் போய்விட்டன. வலப்பக்கம் ஆள் உயர நாணல். நாணலுக்கு அப்பாலிருந்து டமார் டமார் என்று துப்பாக்கிச் சத்தம். எனக்குக் காப்பி முழுவதும் மடியில்.

அப்போதுதான் அந்த நாய் வந்தது. கரேலென்று, கன்றுக்குட்டி அளவுக்கு, சுட்ட பறவையைக் கவ்வி வரப் பழக்கிய ஒரு லாப்ரடார், நாணலைப் பிளந்துகொண்டு தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்து, வாயிலிருந்த பச்சைத்தலை வாத்து ஒன்றை என் பூட்ஸ் மேல் பூப்போல வைத்துவிட்டு, நேராக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. நான் "போ, உன் சொந்தக்காரரிடம் கொண்டு போ" என்று எவ்வளவோ சொன்னேன். அது போயிற்று. வாத்தை விட்டுவிட்டுப் போயிற்று. மறுபடி டமார். மறுபடி நாய். இரண்டாவது வாத்து. நாணலுக்கு அப்பால் ஒரு பெண்குரல், "கர்னல்! எங்கடா போய்த் தொலைஞ்ச? வெறும் வாயோட வந்து நிக்கிற, வெக்கமா இல்ல?" என்று நாயைத் திட்டுவது கேட்டது. எழுந்து போய்க் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். துப்பாக்கி வெடிக்கிற பக்கமாக, மறைவான நாணல் வழியாக, கையில் செத்த வாத்தோடு நடந்து போக எனக்கென்ன பைத்தியமா? இப்படியே எட்டு மணிக்குள் என் காலடியில் ஐந்து வாத்துகள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன.

எட்டேகாலுக்கு நாணல் விலகியது. இடுப்பு வரை ரப்பர் உடையும், கையில் துப்பாக்கியுமாக ஓர் அம்மாள், அறுபது அறுபத்திரண்டு வயதிருக்கும், என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏய்யா ஆரஞ்சு! காலைலேருந்து நான் சுடுறேன், நீரு அடுக்கி வெக்கிறீரா?"

"நான் கூப்பிடலை அம்மா. அதுவா வந்து குடுத்துட்டுப் போகுது."

"அதுவா வந்து குடுக்குமா? இது எங்க அண்ணன் கிளாரன்ஸோட நாய். அவனுக்கு இடுப்புல ஆபரேஷன். இந்த வருஷம் நீ கூட்டிட்டுப் போன்னு குடுத்தான். நான் சொன்னா ஒண்ணும் கேக்காது, ஆம்பளக் குரலுக்குத்தான் அடங்கும். அதுக்காக ஊர் பேர் தெரியாத ஆளுக்கு அஞ்சு வாத்தா?"

அவள் பெயர் வெர்னா. பக்கத்து மாவட்டத்தில் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் இருந்தவளாம். கோபம் ஆறியதும் அவளே சிரித்துவிட்டாள். "உம்ம சட்டையப் பாத்துட்டுத்தான்யா எல்லா வாத்தும் என் பக்கம் திரும்புச்சு. இப்பிடி ஒரு காலை எங்க அண்ணனுக்கே வாய்ச்சதில்ல" என்றாள். சொல்லிக்கொண்டே எண்ணினாள். என்னிடம் ஐந்து. அவள் இடுப்புக் கயிற்றில் இரண்டு. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு ஆறுதான் கணக்கு. கையில் இரண்டுதான் வந்தது, மற்றவை தப்பிவிட்டன என்று நினைத்துச் சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஒரு தப்பு பண்ணினதில்ல. லைசென்ஸ் போச்சு" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது மிச்சமிருந்த கால்களோடும் உள்ளே போய்விட்டது.

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, சரியாக அந்த நேரம் பார்த்து, வனவிலங்கு அதிகாரி வந்துவிட்டாள். யார் என்கிறாய்? க்ரிஸ்டா! நான் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸில் பன்னிரண்டு வருடம் வந்த பெண்! ஒரு நாளாவது நேரத்துக்கு வாசலில் நின்றிருப்பாளா? இப்போது இடுப்பில் பட்டை, கையில் குறிப்பேடு.

"மிஸ்டர் வெர்லின்! நீங்க எங்க இங்க?"

"பறவை பாக்க வந்தேம்மா."

அவள் என் காலடியைப் பார்த்தாள். "இப்பிடியா பாப்பீங்க?"

அக்கா, சின்ன வயதிலிருந்தே எனக்கு முதுகெலும்பு இல்லை என்று நீ சொல்வாயே, இதைக் கவனமாகப் படி. வெர்னா உண்மையைச் சொல்லத் தொடங்கினாள். "எல்லாம் நான் சுட்டதுதாம்மா, ஏழு. அஞ்சை இந்த நாய் இவருகிட்ட கொண்டு போட்டுடுச்சு" என்றாள். நான் குறுக்கே புகுந்து, "ஒண்ணு என்னோடது. என் பேருல எழுதிக்கோ" என்றேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக! நானே ஆச்சரியப்பட்டுப் போனேன்.

"லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல."

"துப்பாக்கி?"

"இல்ல."

"அப்ப எதால சுட்டீங்க?"

என் கழுத்தில் நீ அனுப்பிய தொலைநோக்கிதான் தொங்கியது. க்ரிஸ்டா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருமே பேசாதீங்க, நான் எண்ணிக்கிறேன்" என்று ஏழு வாத்தையும் புல்லில் ஒவ்வொன்றாகப் பரப்பினாள். வெர்னா நாயின் கழுத்துப்பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி க்ரிஸ்டா ஆறாவதைத் தாண்டி விரலை நீட்டியபோது, ஏழாவது வாத்து கண்ணைத் திறந்தது. நான் பொய் சொல்லவில்லை அக்கா. எழுந்து நின்றது, உடம்பை ஒரு உதறு உதறிற்று, எங்கள் மூன்று பேரையும் முறைத்தது, தத்தித் தத்தி இரண்டடி நடந்து, குவாக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நாணலுக்கு மேலே ஏறிப் பறந்தே போய்விட்டது. குண்டு உரசி மயங்கிக் கிடந்திருக்கிறது போல. நாய் ஊளையிட்டது.

"ஆறு" என்றாள் க்ரிஸ்டா, குறிப்பேட்டை மூடிக்கொண்டே. "அம்மா, இனிமே நாயக் கயித்துல கட்டுங்க, இல்ல சொன்ன பேச்சு கேக்கற நாயாக் கூட்டிட்டு வாங்க. மிஸ்டர் வெர்லின், அடுத்தவங்க வாத்த வச்சிக்கறதும் தப்புதான். இந்த ஒரு தடவ வாயாலயே எச்சரிக்கை. வாத்துக்கு முன்னால ஆரஞ்சும் போடாதீங்க." எத்தனை நாள் நான் அவளுக்காக ஹாரன் அடித்துக் காத்திருப்பேன், அக்கா! அதற்கெல்லாம் அன்றைக்கு என்னை நிற்க வைத்து ஒரு பாடம் எடுத்துவிட்டுத்தான் போனாள்.

ஆகவே, இந்தப் பறவை பார்க்கும் பொழுதுபோக்கு எனக்கு ஒத்துவராது. நாற்காலி சேற்றிலேயே இருக்கிறது. புத்தகத்தில் நான் குறித்துக்கொண்டது ஒரே ஒரு பறவை, அதுவும் செத்துப் பிழைத்தது. இனிமேல் என் சுவரை நான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு பெண்மணிக்கு ஆபத்து என்றபோது உன் தம்பி ஒதுங்கி நிற்கவில்லை என்பதை மட்டும் அத்தானிடம் இரண்டு முறையாவது படித்துக் காட்டவும். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் ஊரில் ஒருபோதும் பனி பெய்யாமல் இருக்கட்டும்.

பணிவன்புடன்,
வெர்லின்

பி.கு.: அத்தானிடம் படித்துக் காட்ட வேண்டாம். ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நாய் தானாகக் கொண்டுவந்தது முதல் வாத்து மட்டும்தான். மற்ற நான்குக்கும் நான்தான் தொடையைத் தட்டி, நாக்கால் மெல்லச் சத்தம் கொடுத்துக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் சாசேஜ் கொடுத்தேன். "போ" என்று சொன்னதெல்லாம் மனதுக்குள்தான். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் வெர்னா ஆறோடு நிறுத்தியிருப்பாள். ஜூன் மாதம் பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து காலை வேளையில் யாரும் என்னைப் பார்த்து ஓடி வரவில்லை அக்கா. அந்த நாய் காதெல்லாம் பறக்க ஓடி வந்தது. இதை வெர்னாவிடம் சொல்லவா, வேண்டாமா? தந்தி போல உடனே பதில் போடு. வருகிற சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு நாயோடு என் வீட்டு வாசலுக்கு வருகிறாள். ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறாள்.