டீனாவின் நேர்காணலில் கேட்ட குரல் பற்றிய விளக்கம்

கூச்சிங் நகரில் இருக்கும் மதிப்பிற்குரிய டாக்டர் ரினா மொஜிகுன் அம்மா அவர்களுக்கு,

பூர்வகுடிப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க அனுப்பும் உங்கள் திட்டத்தின் வழிகாட்டி லந்திங் அனாக் உஞ்சாட் பணிவுடன் எழுதுவது. தேர்வுக் குழுவினர் அனைவரும் நலம்தானே? யாருக்கும் படபடப்பு எதுவும் இல்லையே?

அம்மா, இன்று மதியம் நீங்கள் கணினி வழியே நேர்காணல் செய்த என் கொழுந்தியாள் டீனாவைத் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். ஒரே கூரையின்கீழ் ஊரே வாழும் எங்கள் நீள்வீடு முழுவதும் துக்கம் காக்கிறது. போனவள் என் மனைவி பிபியானா, டீனாவின் அக்கா. துக்கம் முடியும்வரை இங்கே யாரும் உரக்கப் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. அதனால்தான் நீங்கள் "சத்தமாப் பேசும்மா" என்று சொல்லச் சொல்ல அவள் இன்னும் கிசுகிசுத்தாள். உங்கள் குழுவின் பேராசிரியர் சொன்ன ஜோக்குக்கு, டீனாவின் பின்னால் உட்கார்ந்திருந்த முழு வீடும் உர்ரென்று இருந்ததை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுத் தலைவர் மெங்கிரி மாமா வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஓடியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவருக்கு வாந்தி இல்லை, சிரிப்பு.

அடுத்து அந்தக் குரல். டீனா செய்த வெள்ள எச்சரிக்கைக் கருவியின் நீர்மட்டம் பார்க்கும் உணரி ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது, ஒலிபெருக்கி எங்கள் கூரையில். முதலில் வெறும் சங்கு ஊதியது. மரலாரியின் ஹாரன் என்று நினைத்து யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே வீட்டிலேயே பெரிய தொண்டைக்காரியான பிபியின் குரலைப் பதிவு செய்தாள். அக்கா போனபிறகு அதை மாற்ற அவளுக்கு மனசு வரல, மாத்துன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. அது போய் நேர்காணலுக்கு நடுவுலயா கத்தணும்!

"ஏய்! தண்ணி வருது! சோத்துப் பானைய விட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்க! லந்திங், கம்ப்யூட்டர மூடு, உன்னையுந்தான் சொல்றேன்!"

செத்தவள் கூப்பிட்டால் யார் நிற்பார்கள்? கிழவிகள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் பறந்தார்கள். "பிபி, நான் ஒண்ணும் செய்யலடி!" என்று கத்திக்கொண்டே மெங்கிரி மாமா எல்லோருக்கும் முன்னால் போனார். "வானம் வெளுத்துக் கிடக்கு, உங்க கருவி வெள்ளம்னு கத்துதே" என்று பேராசிரியர் கேட்டதும் டீனா அழுதுகொண்டே கணினியை மூடிவிட்டாள். "எனக்குப் படிப்பே வேணாம் அத்தான், அக்கா குரல வச்சு வீட்டையே ஓட வச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவளும் மேட்டுக்குப் போய்விட்டாள்.

கருவியின் பழுதுக்கு நானே பொறுப்பு. சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அணைக்கும் விசையும் என் பக்கத்திலேயே இருந்தது. அணைக்கல. பிபி பேசி முடிக்கட்டுமேன்னு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கிறார்கள், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன். வீட்டில் இப்போது நான் மட்டும். துக்கம் கழிந்தபின் டீனாவுக்கு இன்னொரு நேர்காணல் தாருங்கள். குரலை அழித்துவிடுகிறோம்.

குழுவினர் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். உங்கள் குடும்பம் நோய்நொடியின்றி இருக்கட்டும்.

பணிவுடன்,
லந்திங்

பி.கு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கையெழுத்துப் போடும்போது தரைப்பலகை இடுக்கில், வீட்டுக்கு அடியில், தண்ணீர் மினுங்கியது. இங்கே வெயில்தான், ஆனால் ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழை இறங்கி வந்துவிட்டது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. டீனா இடுப்பளவு தண்ணீரில் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா உங்க பேரச் சொல்லித்தானே கூப்பிட்டா, காது செவிடா அத்தான்?" துக்க வீட்டில் அப்படிக் கத்தியதை யாரும் தப்பு சொல்லவில்லை. மேட்டிலிருந்து எழுதுகிறேன், எல்லோரும் பத்திரம். கருவியில் பழுதில்லை. குரலை அழிக்க மாட்டோம். இன்னொரு நேர்காணல் வேண்டாம், இடத்தைக் கொடுங்கள்.