மாமி நெஞ்சில் அடித்த ஆணி

இறம்பொடை மேல்மலைத் தோட்டம்,
கடைசி லயம்.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை கஜேந்திரன் அவர்களுக்கு, மாமா வீரய்யா சொல்லி எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்க எல்லாரும் சுகம். அங்க நீங்களும் மக ஜீவராணியும் சுகமா இருக்கணும். நான் சொல்லச்சொல்ல வேலைக்குப் போறவங்க புள்ளைங்களப் பாத்துக்கிற பிள்ளைமடுவத்து ஷாமிலா டீச்சர் எழுதுது. கோபத்துல வர்ற சில வார்த்தைய அது விட்டுரும், நீங்களா நெரப்பிக்கிருங்க.

விசயம் என்னன்னா, நீங்க வேலை செய்ற கொழும்புக் கம்பெனி ஆளுங்க போன சனிக்கிழமை நம்ம மயான மேட்டுல கூடாரம் அடிச்சாங்க. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. பொழுது சாயுற நேரம் வாசல்ல நின்னு பார்க்குறேன், மேட்டுல கூடாரம், நடுவுல நெருப்பு, சுத்தி ஆளுங்க குந்திக்கிட்டு சீட்டு வெளையாடுறாங்க. எழவு வீட்டுலதானே ராமுழிக்க சீட்டு போடுவோம்; நம்ம தோட்டத்துல கல்யாணமும் இல்ல, திருவிழாவும் இல்ல, அப்ப அது எழவுதானே? எந்த ஊருப் பொணமோ, அனாதையா விடக்கூடாதுன்னு நான் தேத்தூளும் சீனியும் எடுத்துக்கிட்டேன், அழகுமுத்து தப்பு மேளத்த மாட்டிக்கிட்டான், பொம்பளைங்க தலைய விரிச்சுக்கிட்டுப் பின்னால வந்தாங்க. அழகுமுத்து சாவுக்கொட்டு அடிக்கவும் அவங்க எந்திரிச்சு ஆடுனாங்க மாப்பிள்ளை. ஒப்பாரி வச்சா கைதட்டுறாங்க. ஒரு வெள்ளக்காரப் புள்ள மட்டும் நம்ம பக்கத்து வீட்டு சர்மிளாவக் கட்டிப்புடிச்சு நெசமாவே அழுதுச்சு, அதுக்கு யாரு செத்தாங்களோ. கூட்டிட்டு வந்த பையங்கிட்ட, "யாரு செத்தது மாத்தயா?"ன்னு சிங்களத்துல கேட்டேன். "யாரும் சாகல சீயா, லீவுக்குக் கூடாரத்துல தங்க வந்திருக்காங்க"ன்னு என்னைய தாத்தா மொறை சொல்லிப் பேசுனான். சாகாத எடத்துல அழுதுட்டு எப்பிடித் திரும்புறது? எழவுல சொல்லிக்கிட்டும் போகக்கூடாது. சொல்லாமலே எறங்கிட்டோம். அழகுமுத்தை மட்டும் அடுத்த சனிக்கும் வரச்சொன்னாங்க.

அது போகட்டும். எறங்கும்போதுதான் பார்த்தேன், ஒரு கூடாரத்து ஆணி உங்க மாமி நெஞ்சு மேலயே எறங்கியிருக்கு. கல்லு நட வசதியில்லாம அடையாளத்துக்கு நான் வச்ச செவந்திச் செடி சப்பாத்துக் காலுல மிதிபட்டுக் கெடக்கு. மாப்பிள்ளை, உங்க கல்யாணத்துக்கு முந்தி, மண்ணு சரிஞ்ச வருசம் எங்களுக்கும் கூடாரம் குடுத்தாங்க. நீலக் கூடாரம், ஒரு பக்கம் தையல் பிரிஞ்சது. அந்தப் பக்கம் மாமி படுத்துக்கிட்டா. "நான் குண்டு, தண்ணிய மறிச்சுக்குவேன், நீங்க படுங்க"ன்னா. அந்தச் சளிதான் அவளக் கொண்டுபோச்சு. செத்தும் அவளுக்குக் கூடாரமா? அவ பக்கத்து எடத்த எனக்குன்னு வச்சிருக்கேன், தோட்டத்துத் தொரைக்கும் தெரியும். அதனால அந்த மேட்டுல இனி ஒரு கூடாரமும் நிக்கக்கூடாதுன்னு கம்பெனியில சொல்லிருங்க. கேக்கலன்னா வேலைய விட்டுருங்க. டீச்சர் இத எழுதவேணாம்ங்குது, எழுதுன்னுட்டேன்.

பேரப்பிள்ளை தலையில என் கைய வச்சதா நெனச்சு நீங்க வச்சிருங்க. மலைச்சாமி தொணை.

இப்படிக்கு,
மாமா வீரய்யா (கைநாட்டு)

பி.கு.: தபாலுக்குக் குடுக்குறதுக்குள்ள அடுத்த சனிக்கிழமை வந்துருச்சு. கம்ப எடுத்துக்கிட்டு வெரட்டத்தான் போனேன். மழை கொட்டவும் அந்தப் பையன், "வாங்க சீயா"ன்னு கையப் புடிச்சு கூடாரத்துக்குள்ள இழுத்துப்போட்டு, போர்வையும் குடுத்துட்டான். படுத்தப்பொறகுதான் தெரியுது, எனக்குன்னு வச்சிருந்த அதே எடம். சௌகரியமாத்தான் இருக்கு. விடியிற வரைக்கும் மழை, ஒரு சொட்டு ஒழுகல. மேல எழுதுனத எல்லாம் தள்ளிருங்க, வேலைய விடாதீங்க. அந்த ஆணிய மட்டும் இன்னும் ரெண்டு முழம் அங்கிட்டுத் தள்ளி அடிக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. அவளும் முழுசா உள்ள வந்துருவா.