குதிரைக்காரன் தொப்பியைக் கழற்றுகிறான்

கணினித் துறையில் வேலை பார்க்கும் மருமகன் வாய்த்த வீட்டில், எந்தப் பொருளும் கடையில் வாங்கியபடியே வேலை செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. லண்டனின் மிச்சம் பகுதியில் இருக்கும் என் மாமனார் வீட்டில் அந்த மருமகன் நான்தான்.

நான் திருச்சிக்காரன். மனைவி தர்ஷினியின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டனில் நெடுங்காலமாக இருப்பவர்கள். மாமா தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார். கௌபாய் படம் என்றால் மட்டும் ஆளே மாறிவிடுவார். அப்படிப்பட்டவர் சில மாதங்களாகப் படம் ஓடும்போது சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தார். டிவி பழசு, படம் துல்லியமாக இல்லை, அதனால்தான் ஆர்வம் போய்விட்டது என்று நான் கண்டுபிடித்தேன். (எனக்குக் கண்டுபிடிக்கத் தெரிந்த நோய் அது ஒன்றுதான்.)

அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு பெரிய 4கே டிவியும், அவருக்குப் பிடித்த பழைய கௌபாய் படத்தின் 4கே டிஸ்க்கும் வாங்கினேன்.

"டிஸ்க் பிளேயர் ஒண்டு வாங்கினா முடிஞ்சுதே?" என்றாள் தர்ஷினி.

"கம்ப்யூட்டர் இருக்கும்போது பிளேயர் எதுக்கு?" என்றேன் நான். இந்த வாக்கியத்தை அவள் இன்றும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள்.

என் புதுக் கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கை ஓட்ட மறுத்துவிட்டது. இந்த வகை டிஸ்க்கில் திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு பலமானது. அதைத் திறக்கும் வசதி பழைய சிப்புகளில் இருந்ததாம், புதியவற்றில் எடுத்துவிட்டார்களாம். அதாவது, அதிக விலை கொடுத்ததால் எனக்குப் படம் தெரியவில்லை. இணையத்தில் முகம் தெரியாதவர்களின் அறிவுரையைக் கேட்டு வேறொரு டிரைவ் வாங்கினேன், அதன் உள்மென்பொருளை மாற்றினேன், கடைசியில் படத்தை ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். (சொந்த டிஸ்க்தான் என்றாலும், சட்டம் என்ன சொல்கிறது என்று நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுமோ என்ற பயம்.)

எங்கள் கல்யாண வீடியோவைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது அந்த ஒரே படம். இடத்தை மிச்சப்படுத்தப் பிற மொழி ஒலிகளை எல்லாம் நீக்கினேன். ஆங்கிலம் என்று மட்டும் மூன்று இருந்தன. ஒன்று போதுமே என்று ஒன்றை வைத்துக்கொண்டேன். ஓட்டியும் பார்த்தேன். பக்கத்து அறையில் தர்ஷினி ஆபீஸ் மீட்டிங்கில் இருந்ததால் சத்தமில்லாமல்.

பிறந்தநாள் மாலை என் கம்ப்யூட்டரை அவர்கள் வீட்டுப் புது டிவியோடு இணைத்தேன். மாமாவும் மாமியும் சோபாவில் இருந்தார்கள். தர்ஷினியின் தம்பி குகன் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலிருந்து வந்திருந்தான். நான் எழுந்து நின்று டிவியைப் பற்றி ஒரு சிற்றுரை ஆற்றினேன்.

"குதிரையோட ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியும் மாமா."

மாமா மரியாதையாகத் தலையாட்டினார்.

படம் ஆரம்பித்தது. பாலைவனம், காற்று. நிதானமான பெண்குரல் ஒன்று ஆங்கிலத்தில், "தூரத்தில் ஒரு குதிரைக்காரன் வருகிறான்" என்றது. முன்னுரை என்று நினைத்தோம். "குதிரைக்காரன் தொப்பியைக் கழற்றுகிறான். நெற்றியைத் துடைக்கிறான்."

"அத்தான், அதை நாங்களும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறம்?" என்றான் குகன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வைத்திருந்தது பார்வையற்றவர்களுக்கான விளக்க ஒலி. மற்றவற்றை நானே அழித்திருந்தேன். மறுபடி பிரதி எடுப்பதற்குள் கேக் வெட்டி எல்லாரும் வீட்டுக்கே போய்விடலாம்.

"இவ்வளவு பெரிய டிவி வாங்கி ரேடியோ நாடகம் போட்டிருக்கிறியள்!" குகன் சோபாவில் விழுந்து சிரித்தான். நான் வியர்வையோடு படத்தை நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதையுங்கோ தம்பி" என்றார் மாமா.

"இல்ல மாமா, இன்னொரு நாள் சரி பண்ணி..."

"நிப்பாட்டாதையுங்கோ எண்டு சொன்னனான்!"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. படத்தை ஓடவிட்டேன். மாமா சோபாவின் நுனிக்கு வந்தார். வில்லன் முதுகுக்குப் பின்னால் கத்தியை உருவுகிறான் என்று அந்தக் குரல் சொன்னபோது, "ஐயோ" என்றார். அவர் முகம் திரையின் பக்கம் இல்லை. காதைத்தான் திருப்பி வைத்திருந்தார். குகனின் சிரிப்பு மெல்ல நின்றது. தர்ஷினி போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்களுக்குப் படம் தெரியுதோ?"

மாமா அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார். "ஓரம் தெரியுது பிள்ளை. நடுவில ஒண்டும் இல்லை. உன்ர முகமும் அப்பிடித்தான்."

குதிரைகள் தண்ணீர் குடிக்கின்றன என்றது டிவி.

"எனக்குத் தெரியும்" என்றார் மாமி, தரையைப் பார்த்தபடி. "ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு சத்தியம் வாங்கிப்போட்டார்."

"அப்ப கார்?" என்றான் குகன். "போன கிழமையும் சட்டன் டவுன் வரைக்கும் ஓடினவர்!"

"சிவப்பு லைட் வந்தா நான் சொல்லுவன்" என்றார் மாமி.

குகன் எழுந்துபோய்க் கார் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்தச் சத்தம் மாமாவுக்குக் கேட்டது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் கீபோர்டின் முன்னால் நின்றேன். வாராவாரம் இந்த மனிதரிடம் துல்லியத்தைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தேன்!

கண் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். மற்றது ஊசியால் அதற்குமேல் மோசமாகாமல் நின்றது. எப்படித் தெரியவந்தது என்று டாக்டர் கேட்க, தர்ஷினி முழுக் கதையையும் சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா என்னைப் பக்கத்தில் இருத்திக்கொள்வார். விளக்க ஒலி இப்போது நான். சென்ற வருடம் உறவில் ஒரு கல்யாணத்தில், "பொண்ணு வர்றாங்க மாமா, சிவப்புப் புடவை" என்று ஆரம்பித்தேன்.

"நிறம் எனக்குத் தெரியுது தம்பி. ஆர் ஆர் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கினம் எண்டு சொல்லுங்கோ."

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று, மாப்பிள்ளையின் பெரியம்மா என்று உரக்கச் சொன்னேன். மேளம் சட்டென்று நின்றது. பெரியம்மா எங்களுக்கு முன் வரிசையில்தான் இருந்தார்.

அவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா இந்தக் கதையைச் சொல்கிறார். பெரியம்மா எப்படித் திரும்பினார், புருவம் எவ்வளவு உயரம் போனது, என் முகம் என்ன நிறமானது என்று ஒன்றுவிடாமல், நேரில் பார்த்தவர்போல.